கல் நிலைக்கும், சந்து நிலைக்குமா?

வீட்டு வாசலில் கல் பாவ நினைப்போர் படித்துவிட்டுப் பணத்தை எடுக்கட்டும்

மேரு பட்டணத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் உள்ள ஒரு தாமானில் என் சித்தப்பாவின் வீடு இருக்கிறது. முப்பத்தோர் ஆண்டுகள் தோட்டத்தில் உழைத்தவர் அவர். கித்தா மரங்கள் நின்ற காலத்தில் பால் வெட்டினார். அவற்றைச் சாய்த்துச் செம்பனை நட்ட பிறகு குலை வெட்டினார். லயத்து வீட்டில் பிறந்து, லயத்து வீட்டிலேயே பிள்ளைகளையும் பெற்று வளர்த்தவர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றுச் சேமநிதிப் பணம் கைக்கு வந்ததும் அவர் செய்த முதல் செலவு என்ன தெரியுமா? வாசலுக்குக் கல் பாவியதுதான்.

“தோட்டத்திலே வாசலும் தொரையோடது, வாய்க்காலும் தொரையோடது. இது நம்ம வாசல். கருங்கல்லுதான் போடணும்” என்று சொல்லிவிட்டார். சித்திக்கும் மகிழ்ச்சிதான். செம்மண் வாசலில் சாணம் தெளித்துக் கோலம் போட்டுப் பழகிய கை அல்லவா!

இருபது அடிக்குப் பத்தடி இடம். இரண்டடிச் சதுரக் கற்கள். குத்தகைக்கு எடுத்தவர் நான்கே நாளில் வேலையை முடித்துவிட்டார். கடைசி நாள் மாலையில் மணலையும் சிமெண்டையும் காய்ந்தபடியே கலந்து, கல்லுக்கும் கல்லுக்கும் நடுவேயுள்ள சந்துகளில் விளக்குமாற்றால் தள்ளி, மேலே ரப்பர்க் குழாயால் தண்ணீரைப் பீய்ச்சிவிட்டுப் பணத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டார். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

இரண்டு மழைக்காலம் தாண்டியது. சந்துகளில் இருந்த கலவை பொரிமாவைப் போல உதிர்ந்தது. முதலில் எறும்பு வந்தது. பிறகு புல் வந்தது. பிறகு கற்களே ஆடத் தொடங்கின. ஒரு நாள் விடியற்காலை, கோல மாவுக் கிண்ணத்தோடு வந்த சித்தியின் கால் பெருவிரல் ஒரு சந்தில் மாட்டியது. விழுந்ததில் வலக்கை மணிக்கட்டு எலும்பு முறிந்துவிட்டது.

வருகிற தை மாதம் அந்த வாசலில்தான் மகளுக்குக் கல்யாணப் பந்தல் போட வேண்டும். என்னைக் கூப்பிட்டு அனுப்பினார் சித்தப்பா. நான் தனியாகப் போகவில்லை. கொத்து வேலையில் நாற்பது ஆண்டுகள் பழகிய ஒரு மேஸ்திரியையும் உடன் அழைத்துக்கொண்டு போனேன். அன்று அந்த வாசலில் அவர் கற்றுக்கொடுத்ததையும், பிறகு நான் விசாரித்துத் தெரிந்துகொண்டதையும்தான் இங்கே எழுதுகிறேன். நம் தோட்டப்புறத்துக் குடும்பங்கள் பல இப்போது தாமான்களில் சொந்த வீடு வாங்கியிருக்கின்றன. வாசலுக்குக் கல் பாவும் ஆசை எல்லோருக்கும் உண்டு. கல்லைத் தேர்ந்தெடுக்க நான்கு கடை ஏறி இறங்குகிறோம். சந்தை எதைக்கொண்டு அடைப்பது என்று ஒரு வார்த்தை கேட்கிறோமா?

தடியால் தட்டிப் பார்த்தார்

மேஸ்திரி வந்ததும் சந்துகளைப் பார்க்கவில்லை. ஒரு மரத்தடியை எடுத்துக் கல் கல்லாகத் தட்டிக்கொண்டே போனார். சில கற்கள் ‘டக்’ என்று கெட்டியாக ஒலித்தன. பல கற்கள் காலிக் குடத்தைத் தட்டினாற்போல ‘டொப்’ என்றன. “அடியிலே காத்து இருக்குதுங்க. நாலு மூலைக்கும் நடுவுக்கும் அஞ்சு உருண்டை சாந்தை வெச்சு, கல்லை மேலே உக்கார வெச்சிருக்காங்க” என்றார்.

அடுத்து ஒரு வாளித் தண்ணீரை வீட்டுச் சுவர் ஓரமாக ஊற்றினார். தண்ணீர் வாய்க்காலை நோக்கி ஓடியிருக்க வேண்டும். பாதி ஓடியது, மீதி நடுவாசலில் குளம் கட்டி நின்றது.

மூன்றாவதாக, வீட்டுச் சுவரையும் வாசலையும் சேர்க்கும் இடத்தைக் காட்டினார். அங்கே சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு ஒரு பிளவு. சுவர் அப்படியே நிற்கிறது, வாசல்தான் இறங்கியிருக்கிறது.

“பாத்தீங்களா, சந்து தானா கெடலே. அடியும் தண்ணியும் சேந்து கெடுத்திருக்கு. இதுக்கு மேலே எந்தச் சாமானைப் போட்டு அடைச்சாலும் நிக்காது” என்றார்.

கிள்ளான் வட்டாரத்துக்காரர்கள் இதைக் கவனிக்க வேண்டும். மேரு, காப்பார், கிள்ளான் துறைமுகம் ஆகிய பக்கங்களில் பல இடங்கள் கடலோரக் களிமண் நிலம். சில இடங்களில் கரிய சதுப்பு மண்ணும் உண்டு. இந்த மண் பாரம் ஏற ஏற ஆண்டுக்கணக்கில் மெல்ல அமுங்கிக்கொண்டே போகும். அதனால்தான் வீட்டைக் கட்டும்போது ஆழத்தில் தூண் இறக்கிக் கட்டுகிறார்கள். வாசலுக்கு யார் தூண் இறக்குவது? வீடு நிற்கும், வாசல் இறங்கும். இது நம் பகுதியில் புதுமை அல்ல.

சந்தின் வேலை என்ன?

கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே இடைவெளியே இல்லாமல் பாவிவிட்டால் என்ன என்று சிலர் கேட்கலாம். கல் வெயிலில் விரியும், இரவில் சுருங்கும். நெருக்கி வைத்த கற்கள் ஒன்றையொன்று முட்டி ஓரம் உடையும். அதோடு, எந்த இரண்டு கல்லும் அளவில் ஒன்றுபோல் இருப்பதில்லை. அந்த வேறுபாட்டை விழுங்கிக்கொள்ளவும் சந்து வேண்டும்.

சந்தில் இடும் பொருளுக்கு மூன்று வேலை உண்டு. கற்கள் பக்கவாட்டில் நகராமல் பிடித்துக்கொள்ள வேண்டும். மழைத் தண்ணீர் அடியிலே இறங்கி மண்ணை அரிக்காமல் தடுக்க வேண்டும், அல்லது இறங்கும் தண்ணீரைத் தேங்க விடாமல் போக விட வேண்டும். புல்லுக்கும் எறும்புக்கும் இடம் கொடுக்கக் கூடாது.

புல் அடியிலிருந்து முளைத்து வருகிறது என்றே நாம் நினைக்கிறோம். பெரும்பாலும் அப்படி இல்லை. காற்றும் பறவையும் கொண்டுவந்து போடும் விதை, சந்தில் சேர்ந்த தூசியில் விழுந்து மேலேயேதான் முளைக்கிறது. வாரம் ஒருமுறை கூட்டிப் பெருக்கும் வாசலில் புல் குறைவாக இருப்பதற்குக் காரணம் அதுதான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். குளிர் நாடுகளில் சந்துக்கு முதல் எதிரி பனி. சந்தில் புகுந்த தண்ணீர் உறைந்து பனிக்கட்டியாகும்போது சுமார் 9 விழுக்காடு பருமன் கூடுகிறது. அந்த நெருக்கத்தில் சாந்து வெடித்துவிடும். அந்த நாடுகளில் விற்கும் சில பொருள்கள் அந்தப் பகையை நினைத்துச் செய்யப்பட்டவை. நமக்குப் பனி இல்லை. கிள்ளான் பள்ளத்தாக்கில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அந்த மழையும், அமுங்கும் மண்ணும், நிழலில் படியும் பாசியுமே நம் பகைவர்கள். ஆகவே, விளம்பரத்தில் ‘வெளிநாட்டில் பெயர் பெற்றது’ என்று இருந்தால் மட்டும் நம் வாசலுக்கு அது ஏற்றது என்று எண்ணிவிடக் கூடாது.

எத்தனை வகை இருக்கிறது?

முதலாவது, வெறும் மணல். இதுதான் மலிவு, போடவும் எளிது. கல் இறங்கினால் பெயர்த்து எடுத்து, அடியை நிரவி, மறுபடியும் வைத்துக்கொள்ளலாம். குறையும் உண்டு. கூரைத் தண்ணீர் விழும் இடத்தில் ஒரே மழையில் அரித்துக்கொண்டு போய்விடும். எறும்பு மணலை வெளியே தள்ளும். நாம் கோலத்துக்கு அரிசி மாவு போடுகிறோம். எறும்புக்கு உணவிடுவது நம் வழக்கம். அந்த எறும்பு மணல் சந்திலேயே குடியும் ஏறிவிடும். இந்த முறையில் ஆண்டுக்கு ஒருமுறையாவது மணலை நிரப்பிக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, சுண்ணாம்புச் சாந்து. நம் முன்னோர் கண்ட பொருள். தமிழ்நாட்டில் கடுக்காய் ஊறிய நீரையும் வெல்லத்தையும் சேர்த்து அரைத்த சுண்ணாம்பால் கட்டிய கட்டடங்கள் நூற்றாண்டுகள் கடந்தும் நிற்கின்றன. அது கல்லை விட மென்மையானது. ஆகவே நிலம் சற்று அசைந்தால் தான் விட்டுக்கொடுத்துக் கல்லைக் காப்பாற்றும். ஆனால் மெல்லத்தான் இறுகும். காற்றில் உள்ள கரியமில வாயுவை உறிஞ்சிக் கெட்டிப்பட வாரக்கணக்கில் ஆகும். தினமும் பிற்பகலில் மழை கொட்டும் நம் ஊரில் திறந்த வாசலில் அதற்கு அந்த அவகாசம் கிடைப்பதில்லை. அரைத்துக் கொடுக்கத் தெரிந்த கைகளும் குறைந்துவிட்டன.

மூன்றாவது, சிமெண்டுச் சாந்து. 1824-இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்துக் கொத்தனார் ஜோசப் ஆஸ்ப்டின் ‘போர்ட்லண்ட்’ சிமெண்டுக்கு உரிமை பெற்றார். நம் நாட்டில் 1953-இல் ரவாங்கில் சிமெண்டு ஆலை இயங்கத் தொடங்கியது. இன்று எந்தக் கடைத்தெருவிலும் கிடைக்கிறது. ஒரு பங்கு சிமெண்டு, மூன்று அல்லது நான்கு பங்கு சுத்தமான மணல்: இதுவே போதுமான கலவை. சிமெண்டைக் கூட்டினால் பலம் கூடும் என்று நினைத்துப் பாதிக்குப் பாதி கலப்பவர்கள் இருக்கிறார்கள். அது சுருங்கும்போது கல்லின் ஓரத்தை விட்டு மயிரிழைபோல விலகும். அந்த இழை வழியே தண்ணீர் நுழையும். அடி அசையாமல் இருந்தால் சிமெண்டுச் சாந்து நெடுங்காலம் உழைக்கும். அடி அசைந்தால் முதலில் வெடிப்பதும் அதுவே.

இந்தச் சாந்தோடு லேட்டக்ஸ் என்னும் பால் போன்ற திரவத்தைக் கலப்பதும் உண்டு. கல்லோடு ஒட்டும் தன்மையும், தண்ணீரைத் தாங்கும் தன்மையும் இதனால் கூடும். மேஸ்திரி இதைச் சொன்னதும் சித்தப்பாவின் முகம் மலர்ந்தது. “நம்ம கித்தாப் பாலா?” என்றார். நம் பால் அல்ல. அதன் செயற்கைத் தம்பி. 1942-இல் ஜப்பானியர் மலாயாவைப் பிடித்ததும் அமெரிக்காவுக்குக் கித்தா கிடைக்காமல் போயிற்று. அப்போது அங்கே பெருமளவில் செய்யத் தொடங்கிய செயற்கை ரப்பர் இனத்தைச் சேர்ந்ததுதான் இது. “நம்ம மரத்தைச் சாய்ச்சவன் நம்ம வாசலுக்கு வந்து நிக்கிறானா?” என்று சிரித்தார் சித்தப்பா.

நான்காவது, பாலிமர் மணல். மெல்லிய மணலோடு ஒருவகைப் பசைத்தூள் கலந்து பையில் விற்கிறார்கள். காய்ந்த சந்தில் நிரப்பி, தட்டி இறுக்கி, கல்லின் முகத்தில் படிந்ததைத் துடைத்துவிட்டு, அளவாகத் தண்ணீர் தெளித்தால் இறுகிக்கொள்ளும். எறும்பும் புல்லும் எளிதில் நுழையா. கொஞ்சம் நெகிழ்ந்தும் கொடுக்கும். ஆனால் போடும்போது கல்லும் சந்தும் உலர்ந்திருக்க வேண்டும்; போட்ட பின் ஒரு நாளாவது மழை படக் கூடாது. எப்போதும் ஈரம் நிற்கும் நிழலான இடத்தில் அது சரியாக இறுகாமல் கொழகொழவென்று கிடக்கும். தூளைத் துடைக்காமல் நனைத்துவிட்டால் கல்லின் மேல் வெண்படலம் படிந்துவிடும்.

ஐந்தாவது, எப்பாக்சிப் பிசின் கலவை. இரண்டு திரவங்களை மணலோடு கலந்து இடுவது. இருப்பவற்றில் இதுதான் கெட்டி, விலையும் கூடுதல். கலந்த பின் குறித்த நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். தவறினால் கல்லின் முகத்திலேயே இறுகிவிடும். வெயிலில் நாளடைவில் நிறம் மாறும். சூட்டில் இளகும். தைப்பொங்கலுக்கு வாசலில் அடுப்பு மூட்டுகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

எதைத் தேர்ந்தெடுப்பது?

கல்லூரியில் படிக்கும் சித்தப்பாவின் மகன் கடையில் எப்பாக்சியைப் பார்த்துவிட்டு வந்திருந்தான். “கடன் வாங்கியாவது அதையே போட்டுடலாம்பா. ஒரே செலவாப் போயிடும்” என்றான். சித்தப்பாவும் தலையை ஆட்டினார். மேஸ்திரி மட்டும் ஆட்டவில்லை.

“தம்பி, இரும்புச் சங்கிலியாலே கட்டினாலும் முழுகற படகு முழுகத்தான் செய்யும். அடி இறங்கிக்கிட்டே இருக்கிற வாசலுக்குக் கெட்டிச் சாமான் போட்டா சந்து வெடிக்கும்; சந்து வெடிக்கலேன்னா கல்லு வெடிக்கும்” என்றார்.

இதுதான் தேர்வின் சூட்சுமம். கடையில் உள்ள பொருளைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கக் கூடாது. காலடியில் உள்ள நிலத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். கெட்டியான அடிக்குக் கெட்டியான சந்து. இளகிய அடிக்கு இளகிய சந்து. காங்கிரீட் தளத்தின் மேல் முழுச் சாந்துப் படுகையில் பதித்த கல்லுக்குச் சிமெண்டுச் சாந்து பொருந்தும். வசதி உள்ளவர்கள் எப்பாக்சியும் போடலாம். உடைகல்லை இறுக்கி அதன் மேல் மணல் பரப்பிப் பாவிய கல்லுக்கு மணலோ பாலிமர் மணலோ பொருந்தும். இந்த இரண்டையும் மாற்றிப் போட்டால் பணம் வீண்.

நெடுங்காலம் உழைப்பது என்றால் உடையாமல் இருப்பது என்று மட்டும் பொருள் அல்ல. உடைந்தால் நாமே எளிதில் சரிசெய்துகொள்ளக் கூடியதும் நெடுங்காலம் உழைப்பதுதான். மேருவைப் போன்ற இடத்தில் ஐந்தாறு ஆண்டுக்கு ஒருமுறை கல்லைப் பெயர்த்து அடியை நிரவிக்கொள்ளும்படி இருப்பது குறை அல்ல, பாதுகாப்பு.

கணக்குப் போட்டுப் பாருங்கள்

சந்தடைப்புக்கு எவ்வளவு பொருள் ஆகும்? இரண்டடிச் சதுரக் கல், 10 மில்லிமீட்டர் அகலச் சந்து, 30 மில்லிமீட்டர் ஆழம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு சதுர மீட்டர் வாசலுக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் சாந்துதான் பிடிக்கும். சித்தப்பாவின் வாசல் 200 சதுர அடி, அதாவது 18.6 சதுர மீட்டர். மொத்தம் 18 லிட்டர் சொச்சம். ஒன்றுக்கு மூன்று கலவையில் சிமெண்டு 9 கிலோ அளவுக்குத்தான் ஆகும். ஐம்பது கிலோ மூட்டையில் கால் பங்குகூட இல்லை!

அந்தக் கால் மூட்டையிலும் அரை நாள் கூலியிலும் சிக்கனம் பிடித்துத்தான் ஆயிரக்கணக்கான வெள்ளிக்குப் பாவிய கல் ஆட்டம் கண்டது. காசு போனது கூடப் பெரிதல்ல. சித்தியின் கையும் போயிற்றே.

கல் சிறுத்தால் கணக்கு மாறும். நான்கங்குலச் சதுரச் சிறு கற்கள் பாவினால் அதே அகலம், அதே ஆழத்துக்குச் சதுர மீட்டருக்கு ஐந்தரை லிட்டர் வரை வேண்டும். விலை உயர்ந்த பொருளால் அடைக்க நினைப்பவர்கள் கல்லின் அளவைத் தீர்மானிக்கும் முன்பே இதைக் கணக்கிட வேண்டும்.

வேலை செய்யும் முறை

கல் ஆடினாலோ தட்டும்போது காலியாக ஒலித்தாலோ முதலில் அதைப் பெயர்த்து மறுபடி பதியுங்கள். ஐந்து உருண்டைச் சாந்து ஆகாது. கல்லின் அடி முழுவதும் சாந்தில் படிய வேண்டும். பத்தடிக்கு ஒன்றரை முதல் இரண்டு அங்குலம் வரை வாய்க்கால் பக்கம் சாய்வு இருக்கட்டும். கூரைத் தண்ணீர் நேராக வாசலில் விழுமானால், சந்தைத் தொடுவதற்கு முன் தகரப் பீலி ஒன்றைக் கட்டுங்கள்.

பழைய சந்தடைப்பின் மேலேயே புதுச் சாந்தை மெழுகுவது வீண் வேலை. ஓர் அங்குல ஆழமாவது சுரண்டி எடுத்துத் தூசி போகக் கூட்டி, தண்ணீர் தெளித்து ஈரப்படுத்திக்கொள்ள வேண்டும். தண்ணீர் தேங்கி நிற்கக் கூடாது. மணல் கழுவிய மணலாக இருக்கட்டும். ஒரு கண்ணாடிப் போத்தலில் பாதி மணலும் மேலே தண்ணீரும் ஊற்றிக் குலுக்கி வையுங்கள். மணலுக்கு மேல் சேற்றுப் படலம் தடிப்பாகப் படிந்தால் அந்த மணல் ஆகாது. கடற்கரை மணலை மறந்துவிடுங்கள். அதன் உப்பு கல்லின் மேல் வெள்ளையாகப் பூத்துக்கொண்டே இருக்கும்.

சாந்து குழம்பாக இருக்கக் கூடாது. கையில் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும். விரலில் ஒழுகக் கூடாது. இரண்டு தடவையாக இட்டு, சந்தின் அகலத்துக்கு ஏற்ற கம்பியால் அழுத்தி இறுக்க வேண்டும். கல்லின் முகத்தில் பட்டதை உடனே ஈரப் பஞ்சால் துடைக்க வேண்டும். பிறகு ஈரக் கோணிச் சாக்கை விரித்து ஏழு நாள் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வெயிலில் சட்டென்று காய்ந்த சாந்து பொரிமாவுதான். சித்தப்பா வீட்டில் நடந்ததும் அதுவே: தண்ணீர் மேலோடு நனைத்ததே தவிர ஆழத்துக்குப் போகவில்லை, இறுக்குவாரும் இல்லை.

வீட்டுச் சுவரை ஒட்டி மட்டும் சாந்து இடாதீர்கள். அங்கே 10 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, ரப்பரைப் போல் நெகிழும் அடைப்பானால் மூட வேண்டும். சாந்திட்ட வாசல் பெரிதாக இருந்தால் ஐந்தாறு மீட்டருக்கு ஒன்றாக இப்படி ஒரு நெகிழ்சந்து தேவை.

நாளையும் பார்த்துக்கொள்ளுங்கள். கிள்ளான் பள்ளத்தாக்கில் ஏப்ரல் மாத வாக்கிலும், அக்டோபர், நவம்பரிலும் மழை அதிகம். ஜூன் முதல் ஆகஸ்டு வரை சற்றுக் குறையும். நம் ஊரில் மழை பெரும்பாலும் பிற்பகலில்தான் வரும். ஆகவே காலையில் தொடங்கி நண்பகலுக்குள் முடித்து மூடிவிட வேண்டும். 2021 டிசம்பர் 17, 18 தேதிகளில் கிள்ளானும் ஷா ஆலமும் வெள்ளத்தில் மிதந்ததை மறந்திருக்கமாட்டோம். அப்படிப்பட்ட வெள்ளத்தை எந்தச் சந்தும் தடுக்காது. ஆனால் தண்ணீர் வடிந்த பின் சேற்றைக் கழுவி, அரித்த இடத்தை அன்றே நிரப்பினால் கல் பிழைக்கும்.

கையையும் காலையும் காத்துக்கொள்ளுங்கள்

வெறுங்காலோடு சாந்து மிதிப்பது நம்மவர் பழக்கம். ஈரச் சிமெண்டு காரம் மிகுந்தது. தோலை மெல்ல அரித்துப் புண்ணாக்கும். வலி தெரிவதற்குள் காயம் ஆழமாகிவிடும். கையுறையும் பூட்ஸும் அணியுங்கள். பட்டால் உடனே நிறையத் தண்ணீரில் கழுவுங்கள். எப்பாக்சி தோலில் பட்டால் சிலருக்கு ஒவ்வாமை உண்டாகும். அது பிறகு ஒவ்வொரு முறையும் தொடரலாம். கல்லை உலர்ந்தபடி அறுக்கும்போது பறக்கும் தூள் நுரையீரலைக் கெடுக்கும். தண்ணீர் ஊற்றி அறுக்கச் சொல்லுங்கள். பிள்ளைகளை அருகில் விடாதீர்கள்.

சிமெண்டுக் கறை போக ஆசிட் ஊற்றுவோரும் உண்டு. ஈப்போ சலவைக்கல்லும், பத்துமலைக் குன்றைப் போன்ற சுண்ணாம்புக் கல்லும் ஆசிட்டில் நுரைத்துக் கரையும். எந்தக் கல்லானாலும் சந்துச் சாந்தை அது தின்றுவிடும். வேகமாகப் பீய்ச்சும் நீர்க்குழாயைச் சந்தின் மேல் நேராகப் பிடிப்பதும் அதே போன்ற தவறுதான்.

தாய்மார்களுக்கு இன்னும் இரண்டு சொல். கல் இறங்கிய பள்ளத்தில் தேங்கும் தெளிந்த நீர் ஏடிஸ் கொசுவுக்குத் தொட்டில். வாரம் பத்து நாளில் முட்டை கொசுவாகிவிடும். டிங்கிக் காய்ச்சலை நாமே வளர்த்ததாக ஆகும். அடுத்தது, பொங்கல் அடுப்பைக் கல்லின் மேல் நேராக மூட்டாதீர்கள். சூட்டில் கருங்கல்லும் ஓடு ஓடாகத் தெறிக்கும். பழங்காலத்தில் தீ மூட்டியே பாறை பிளந்தார்கள். இரண்டு வரிசைச் செங்கல்லை அடுக்கி மணல் பரப்பி, அதன் மேல் அடுப்பை வையுங்கள்.

சித்தப்பா என்ன செய்தார்?

கடைசியில் வாசலை இரண்டாகப் பிரித்தார்கள். வீட்டை ஒட்டிய எட்டடி, வீட்டோடு சேர்த்துக் கட்டிய காங்கிரீட் தளத்தின் மேல் இருந்தது. அதன் கற்களைப் பெயர்த்து முழுச் சாந்தில் பதித்து, ஒன்றுக்கு மூன்று சாந்தால் சந்தை அடைத்தார் மேஸ்திரி. அதற்கு அப்பால் வெளிக்கதவு வரை உள்ள பன்னிரண்டடிதான் இறங்கும் நிலம். அங்கே பழைய கலவையை எல்லாம் அள்ளிவிட்டு, உடைகல்லைப் போட்டு இயந்திரத்தால் இறுக்கி, மணல் பரப்பிக் கல்லை வைத்து, பாலிமர் மணலால் சந்தை நிரப்பினார். இரண்டு பகுதிக்கும் நடுவே நெகிழ்சந்து ஒன்று. கடன் வாங்கவில்லை. மகனும் விடுமுறை நாளில் கல் தூக்கினான்.

“இந்தப் பக்கம் நாலஞ்சு வருஷத்திலே திரும்ப இறங்கும். அப்போ என்னைக் கூப்பிட வேண்டாம். நீங்களே கல்லைத் தூக்கி மணலைப் போட்டு வெச்சுக்கலாம்” என்றார் மேஸ்திரி.

பந்தல் கால் நட வாசலைத் தோண்ட வேண்டுமே என்று நான் கவலைப்பட்டேன். பழைய எண்ணெய்த் தகரங்களில் மணலை நிரப்பி அதில் கால் நடுவது என்று சித்தப்பா ஏற்கெனவே முடிவு செய்திருந்தார். தகரங்கள் வரிசையாகக் காத்திருந்தன.

சித்தியின் கைக்கட்டு இன்னும் அவிழவில்லை. நாங்கள் புறப்படும்போது இடக்கையால் கோல மாவை எடுத்துப் புதுச் சந்தின் ஓரமாக ஒரு கோடு இழுத்துப் பார்த்தார். கோடு கொஞ்சம் கோணலாக வந்தது.

“கல்லு நேராத்தான் இருக்கு. கைதான் பழகணும்” என்றார்.